பிறக்காதவள் முகத்தில் என் வலிப்பு

போன வருடத்துக்கு முந்தின வருடம், வைகாசி மாதம், எழுமலையில் ஒரு துட்டி வீட்டில் நான் சிரித்தேன். அப்படித்தான் ஊர் சொன்னது. என் மாமியாரின் கூடப்பிறந்த தம்பி திடீரென்று இறந்துபோய், வாசலில் பந்தல் போட்டு, கொட்டுச் சத்தம் தெருமுனை வரை கேட்டுக்கொண்டிருந்த மத்தியானம் அது. லேசாகச் சிரித்திருந்தாலாவது யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். வாயை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, தொண்டையிலிருந்து சத்தம் வரச் சிரித்தேனாம். எனக்கு எதுவும் ஞாபகமில்லை.

எங்கள் பக்கத்து வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். துட்டி கேட்க வரும் பெண்கள், ஏற்கனவே அழுதுகொண்டிருக்கிற பெண்களோடு போய் உட்கார்ந்து, தோளில் கை போட்டு, வட்டமாகத் தலையோடு தலை சேர்த்து அழ வேண்டும். பக்கத்து வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லாதவள்கூட அந்த வட்டத்துக்குள் வந்துவிட்டால் கட்டிப்பிடித்துத்தான் அழுவாள். நான் உட்கார்ந்த இடத்துக்கு நேர் எதிரே என் மாமியார். அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவர் முகத்துக்கும் என் முகத்துக்கும் நடுவில் ஒரு சாண் இடம்கூட இல்லை.

ரப்பர் பொசுங்குகிற மாதிரி ஒரு வாசம் வந்தது. அது மட்டும் எனக்குத் தெரியும். அடுத்து எனக்குத் தெரிந்தது, வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிறேன், என் வீட்டுக்காரர் என் முழங்கையை இறுக்கிப் பிடித்திருக்கிறார். உள்ளே அழுகைச் சத்தம் நின்றுபோய், அத்தையின் குரல் மட்டும் கேட்டது.

“எந் தம்பி பொணத்துக்கு முன்னால பல்லக் காட்டுறா. இவ எல்லாம் ஒரு பொம்பளையா? இனி உள்ள கூட்டிட்டு வராதடா அவள!”

நான் வீட்டுக்காரரைப் பார்த்து, “நாம எப்ப வந்தோம்?” என்று கேட்டேன். அவர் பிடியை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் விளையாடவில்லை என்பது அந்த ஒரு கேள்வியில்தான் அவருக்குப் பிடிபட்டது என்று பிறகு சொன்னார்.

அத்தை என்னைத் தப்பாக நினைத்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வீட்டில் யாரையும் கேலி பண்ணாமல் விட்டதில்லை. இறந்துபோனவரின் மீசையைக்கூட, அவர் உயிரோடு இருக்கும்போது, அவர் முன்னாலேயே கிண்டல் பண்ணியிருக்கிறேன். அவரும் சிரித்துக்கொண்டே முறுக்கிக் காட்டுவார். இப்படிப்பட்ட மருமகள் பிணத்துக்கு முன்னால் சிரித்தாள் என்றால் யார்தான் நம்ப மாட்டார்கள்? நானே நம்பியிருப்பேன்.

எங்களுக்கு மதுரை சிம்மக்கல்லில் சாக்கு, தார்ப்பாய் மொத்த வியாபாரம். கீழே கடை, மேலே வீடு. இறங்கினால் ஆட்டோ சத்தமும் லோடு இறக்குகிறவர்கள் சத்தமுமாக இருக்கும். அந்தத் துட்டிக்குப் பிறகு எங்கள் மாடியில் மட்டும் சத்தமே இல்லை. அத்தை என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். நான் சமைத்ததைத் தொடுவதில்லை. தனக்கென்று ஒரு சட்டியில் கஞ்சி வைத்துக்கொள்வார். ஏதாவது வேண்டுமென்றால் சுவரைப் பார்த்து, “இந்த வீட்ல வெந்நி கிந்நி வைக்கிற பழக்கம் யாருக்காச்சும் இருக்கா?” என்பார். நான் வைத்துக் கொடுப்பேன். அது ஆறி அவலாகும் வரை அங்கேயே இருக்கும்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு என்னை வர வேண்டாம் என்றுவிட்டார்கள். எழுமலையிலிருந்து திரும்பி வந்ததும் அத்தை மகனிடம் சொன்னது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு நன்றாகவே கேட்டது. “அவள கீழக்குயில்குடியில கொண்டு போய் அவ ஆத்தா வீட்ல விட்டுட்டு வா. எங் கண்ணு முன்னால அந்த மூஞ்சி வேணாம். நீ அங்க போயி இருந்தாலும் சரி, இங்க இருந்தாலும் சரி. எனக்கு ஒண்ணுமில்ல.”

என் வீட்டுக்காரர் அம்மாவை எதிர்த்துப் பேசுகிற ஆள் இல்லை. பேசாமல் காரியத்தை முடிக்கிற ஆள். மறுநாளே என்னை ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். நரம்பு வைத்தியம் பார்க்கிற டாக்டரம்மா ஒருவர், வேகமாகப் பேசுகிறவர். இவர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, “வீட்லயும் இப்படி வந்திருக்கா?” என்றார். என் வீட்டுக்காரர், துணி மடிக்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும் நான் எனக்குள்ளேயே சிரித்துக்கொள்வேன் என்றும், பழைய ஜோக் ஏதோ ஞாபகம் வந்து சிரிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டதாகவும் சொன்னார். எனக்கு அதுவே புதுச் செய்தி.

தலை முழுக்கப் பசை வைத்து ஒயர்களை ஒட்டி, ஒரு கேமராவுக்கு முன்னால் படுக்க வைத்தார்கள். சாப்பிடுவது, தூங்குவது எல்லாம் அந்தக் கேமரா பார்க்கத்தான். மறுநாள் காலையில் இட்லியைப் பிட்டு வாயில் வைக்கும்போது அது வந்தது. டாக்டரம்மா கம்ப்யூட்டரில் அலை அலையாக ஓடிய கோடுகளைக் காட்டி, “இது சிரிப்பு இல்லம்மா. வலிப்பு. மூளையில ஒரு ஓரத்துல கரண்ட் தடுமாறுது. அந்த நேரத்துல வாய் அதுபாட்டுக்கு இழுக்கும், சத்தம் வரும், கை சேலை நுனியத் தடவும். உங்களுக்கு அதுல எதுவுமே தெரியாது” என்றார். வியாதி என்று கேட்டுச் சந்தோஷப்பட்ட ஆள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அப்பாடா என்று இருந்தது. நான் சிரிக்கவில்லை!

கேமராவில் பதிவான அந்தப் படத்தை என் வீட்டுக்காரரின் போனில் வாங்கிக்கொண்டு வந்தோம். இதைக் காட்டினால் முடிந்தது என்று இருவருமே நினைத்தோம். அத்தை மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் பார்த்தார். பார்த்துவிட்டுப் போனை மகன் கையில் கொடுத்தார்.

“தலையில ஒயர மாட்டிக்கிட்டும் சிரிக்கிறா பாரு, எம்புட்டுக் கொழுப்பு! டேய், நான் பாக்காத வலிப்பா? எங்க ஊர்ல வலிப்பு வந்தா கீழ விழுவாய்ங்க, நுரை தள்ளும், கையில இரும்பக் குடுப்போம். உக்காந்துக்கிட்டு இட்லி தின்னுக்கிட்டு சிரிக்கிற வலிப்பு எந்த ஊர்லடா இருக்கு? டாக்டருக்கு காசு குடுத்தா என்ன வேணாலும் சொல்லுவாய்ங்க.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் போனை மாடியிலிருந்து வீசியிருப்பேன். கீழே லோடுமேன் யாராவது நின்றிருப்பார்களே என்று விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், அந்தப் படத்தை நானும் சரியாகப் பார்க்கவில்லை. பார்க்கும்போதெல்லாம் தலை இப்படிப் பரட்டையாக இருக்கிறதே, என் மூக்கு இவ்வளவு பெரிதா என்பதிலேயே கண் போனது. நோயைப் பார்க்க எனக்கே முடியவில்லை.

மாத்திரை சாப்பிட ஆரம்பித்தேன். அடுத்த முறை போனபோது டாக்டரம்மா என்னிடம் ஒன்று கேட்டார். கிராமத்துச் செவிலியர்களுக்கும் மகளிர் குழுப் பெண்களுக்கும் அவர் வகுப்பு எடுப்பாராம். வலிப்பு என்றால் கீழே விழுவது மட்டும்தான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். என்னுடைய மாதிரி வலிப்பைச் சொன்னால் புரிவதில்லை, காட்ட வேண்டும். ஆனால் எந்தப் பெண் தன் முகத்தைக் காட்டச் சம்மதிப்பாள்? டிவியில் செய்கிற மாதிரி முகத்தைக் கலங்கலாக்கினால் நோயே மறைந்துபோகும். இந்த வியாதி முழுக்க முகத்தில்தான் இருக்கிறது. அதனால் கம்ப்யூட்டரில் வேறு ஒரு முகத்தை உருவாக்கி என் முகத்தின் மேல் பொருத்தி, அந்தப் படத்தைக் காட்டலாமா என்று கேட்டார். உதடு இழுக்கிற இழுப்பு, கண் நிற்கிற நிலை எல்லாம் என்னுடையது. முகம் மட்டும் வேறு. குரலையும் மாற்றிவிடுவார்களாம்.

“டீப்ஃபேக்கா?” என்று கேட்டேன். நானும் செய்தி பார்க்கிறவள்தான். நடிகைகளின் முகத்தை ஒட்டி அசிங்கம் பண்ணுகிறார்கள், தெரிந்தவர் குரலில் போன் போட்டு ஏமாற்றுகிறார்கள் என்றுதான் அந்த வார்த்தையைக் கேள்விப்பட்டிருந்தேன்.

“அதேதான்” என்றார் டாக்டரம்மா, மழுப்பாமல். “அங்க யாரையும் கேக்காம பண்றாங்க. நாங்க உங்களக் கேக்காம ஒண்ணும் பண்ண மாட்டோம். நீங்க பாத்து சரின்னு சொன்ன பிறகுதான் வெளிய போகும். முகம் கம்ப்யூட்டர்ல செஞ்சதுன்னு முதல்லயே எழுதிக் காட்டுவோம். பின்னால வேணாம்னு தோணினாலும் அழிச்சிருவோம். வேணாம்னு சொன்னாலும் உங்க வைத்தியத்துல ஒரு குறையும் வராது.”

“அந்த முகம் யாரோடது?” என்றேன்.

“யாரோடதும் இல்ல. அப்படி ஒரு பொண்ணு பொறக்கவே இல்ல.”

அது எனக்குப் பிடித்திருந்தது. என்னைக் காப்பாற்றுகிறேன் என்று வேறு எவளோ ஒருத்தியை எழுமலைத் துட்டி வீட்டில் மாட்டிவிட நான் தயாராக இல்லை. வீட்டுக்காரர் தயங்கினார். “ஏற்கனவே வீட்ல இம்புட்டு ரகளை. இதுவும் வேணுமா?” என்றார். டாக்டரம்மா, வகுப்பில் சிரித்ததற்காகப் படிப்பை நிறுத்தி வீட்டில் உட்கார வைத்த ஒரு பிள்ளையைப் பற்றிச் சொன்னார். நான் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டேன்.

படம் தயாராகிவிட்டது, வந்து பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் கூப்பிட்ட நாளில்தான் விவகாரமே. வாட்ஸ்அப்பில் அனுப்ப மாட்டார்களாம். நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும். அன்று கடையில் லாரி வந்து நின்றதால் வீட்டுக்காரரால் நகர முடியவில்லை. அத்தைக்கோ முழங்கால் வலி தாங்க முடியாமல் அதே ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டரைப் பார்க்க வேண்டும். மாமியாரும் மருமகளும் ஒரே ஆட்டோவில் போனோம். டிரைவர் நல்ல மனுஷன், அரட்டை அடிக்கலாம் என்று ரெண்டு தடவை திரும்பிப் பார்த்தார். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு ரோட்டையே பார்த்து ஓட்டினார்.

முழங்காலை முதலில் முடித்துக்கொண்டு என் டாக்டரிடம் போனோம். அத்தைக்கு வெளியே உட்கார நாற்காலி கிடைக்கவில்லை. என் பின்னாலேயே உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். டாக்டரம்மா லேப்டாப்பைத் திருப்பும் முன் என்னைப் பார்த்து, “அம்மா இருக்கட்டுமா? இல்ல, வெளிய இடம் பண்ணித் தரச் சொல்லவா?” என்றார். எங்கள் வீட்டு நிலவரம் அவருக்குத் தெரியும். எனக்கு எங்கிருந்தோ ஒரு வீம்பு வந்தது. இருக்கட்டும் என்றேன்.

படம் ஓடியது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் உருண்டை முகத்தோடு, தாடையில் ஒரு மச்சத்தோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நம் பக்கத்துப் பெண் மாதிரியே இருந்தாள். தலையில் ஒயர்கள். இட்லியைப் பிட்டாள். கை அப்படியே பாதியில் நின்றது. கண் எங்கேயோ போனது. வாய் ஒரு பக்கமாக இழுத்தது. மறு கை மடியில் கிடந்த துணியின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தது. ஹ... ஹ... என்று சத்தம். இட்லி கையிலிருந்து விழுந்தது. அவளுக்குத் தெரியவில்லை.

 இதுவா எனக்கு வருகிறது? இந்தப் பெண்ணையா எல்லோரும் திட்டினார்கள் என்று முதல் தடவையாக எனக்காக எனக்கே பாவமாக இருந்தது.

பக்கத்தில் அத்தை நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். “ஐயோ, பிள்ளைக்கு என்னமோ பண்ணுதே! வாய் கோணுது பாருங்க. கண்ணு நெலகுத்திப் போச்சே... புடிங்கம்மா அவள! பாவி மக்க, பக்கத்துல ஒருத்தரும் இல்லாம படம் எடுத்துக்கிட்டு இருக்காய்ங்க!” என்று திரையைப் பார்த்துக் கையை நீட்டினார். பிறகு டாக்டரம்மாவிடம், “யாரு பெத்த பிள்ளைம்மா இது? கட்டிக் குடுத்தாச்சா? மாமியா வீட்ல நல்லாப் பாத்துக்கிறாய்ங்களா?” என்று கேட்டார்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். சொல்வதா வேண்டாமா என்பது என் பாடு என்பது போல இருந்தது அந்தப் பார்வை.  நக்கலாக நாலு வார்த்தை சொல்ல எனக்குக் கிடைத்த அருமையான சந்தர்ப்பம் அது. வாய் வரவில்லை.

“அத்தை, அது நான்தான்” என்றேன்.

“நீயா?” என்று என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். “இது வேற பிள்ள. ஒனக்கு மச்சம் ஏது?”

டாக்டரம்மா என்னிடம் கேட்டுக்கொண்டு, என் பழைய படத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட விட்டார். ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் இட்லியைப் பிட்டோம். ரெண்டு பேருக்கும் கை ஒரே இடத்தில் நின்றது. ஒரே மாதிரி வாய் இழுத்தது. அத்தை ஒரு தடவை பார்த்தார். இன்னொரு தடவை போடச் சொன்னார். மூன்றாவது தடவை அவர் என் முகம் இருந்த படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில், டாக்டரம்மாவிடம் இல்லை, என்னிடமும் இல்லை, மேஜையிடம் சொல்கிற மாதிரி சொன்னார். “அந்தப் பிள்ள மூஞ்சியில தெரியுது. இவ மூஞ்சியில எனக்கு எந் தம்பி சாவுதான் தெரிஞ்சுச்சு.”

மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் பெரியவர்கள் அதெல்லாம் கேட்பதில்லை. திரும்பி வரும்போது ஆட்டோவில், “மாத்திரை எத்தன மணிக்குப் போடணும்?” என்றார். சொன்னேன். “நேத்து லேட்டாப் போட்ட. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்” என்றார். அதற்குப் பிறகு எனக்கு நிம்மதி போயிற்று. நான் கொஞ்சம் சும்மா இருந்தால் போதும், அந்த ரப்பர் வாசம்தான் வலிப்புக்கு முன்னறிகுறி என்று டாக்டரம்மா சொன்னதை வைத்து, “ஏத்தா, வாசம் வருதா?” என்று வந்து நிற்பார். நிஜமான ஜோக்குக்குச் சிரித்தால்கூடத் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்ப்பார். கடைச் சாவிக்கொத்து ஒன்றை என் இடுப்பில் செருகிவிட்டு, இரும்பினால் ஒரு பயனும் இல்லை என்று டாக்டரம்மா சொன்னதற்கு, “கெடுதல் இல்லைல்ல? இருந்துட்டுப் போகட்டும்” என்றார்.

படத்துக்கு நான் சம்மதம் சொல்லிவிட்டேன். சில மாதங்கள் கழித்து எழுமலையில் ஒரு கல்யாண மண்டபத்தில் மருத்துவ முகாம் நடந்தது. டாக்டரம்மா அங்கே பேசப் போகிறார், படத்தைக் காட்டப் போகிறார். “நீங்க வரணும்னு இல்ல. அது நீங்கன்னு யாருக்கும் தெரியப் போறதில்ல” என்று எனக்குத் தகவல் சொன்னார். ஆனால் எனக்குப் போய்ப் பார்க்க ஆசை. அத்தையும் முழங்கால் வலியை மறந்து கிளம்பிவிட்டார். அது அவர் பிறந்த ஊர். துட்டி வீட்டில் என்னைப் பார்த்த பெண்களில் பாதிப் பேர் அந்த மண்டபத்தில் இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நாங்கள் நடுவரிசையில் போய் உட்கார்ந்தோம்.

படத்துக்கு முன்னால், இந்த முகம் கம்ப்யூட்டரில் செய்தது, இந்தப் பதிவு நோயாளியின் சம்மதத்தோடு தரப்பட்டது என்று திரையில் பெரிய எழுத்தில் வந்தது. யாரும் படித்ததாகத் தெரியவில்லை. எல்லோரும் டோக்கனைப் பற்றியும் கண்ணாடி இலவசமா என்பதைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். மச்சம் வைத்த பெண் வந்து இட்லியைப் பிட்டாள். வாய் இழுத்தது. ஹ... ஹ...

முன்வரிசையில் ஒருத்தி, “என்னடி இவ, மாமியாகாரி செத்த சேதி வந்திருச்சு போல!” என்றாள். கொல்லென்று ஒரு சிரிப்பு. அது அடுத்த வரிசைக்குப் பரவியது, பின்னால் ஆண்கள் பக்கமும் போனது. நல்ல ஜோக்தான். வேறு இடமாக இருந்தால் அதை நானே சொல்லியிருப்பேன். ஆனால் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. முகம் என்னுடையது இல்லை என்பது அப்போது எனக்கு எந்த ஆறுதலையும் தரவில்லை. என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள். எழுந்து வெளியே போய்விடலாமா என்று பார்த்தேன்.

அத்தை எழுந்துவிட்டார். முழங்கால் வலிக்காரர் எப்படி அவ்வளவு வேகமாக எழுந்தாரோ!

“யாருடி அது சிரிச்சது? எந்திரிச்சு நின்னு சிரி பாப்போம்!”

மண்டபம் அடங்கியது. டாக்டரம்மா மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

“அந்தப் பிள்ள சிரிக்கலடி. அது வலிப்பு. டாக்டரம்மா இப்பச் சொல்லப் போறாக, நான் முன்னாலயே சொல்றேன். எந் தம்பி துட்டியில எம் மருமக சிரிச்சான்னு ஊரே பேசுனீங்கல்ல? மொதல்ல பேசுனவ நாந்தான். வாய்க்கு வந்தபடி ஏசுனேன். வீட்ட விட்டுத் தொரத்தப் பாத்தேன். அது சிரிப்பில்ல, இதுதான் அது! அங்க ஒக்காந்து இழுத்துக்கிட்டு இருக்கிறது வேற யாருமில்ல, எம் மருமகதான். மூஞ்சிய மட்டும் மாத்தியிருக்காய்ங்க. இந்தா, எம் பக்கத்துல ஒக்காந்திருக்கா. நல்லாப் பாத்துக்கங்க!”

சொல்லிவிட்டு என் தோளைப் பிடித்து எழுப்பி நிறுத்தியும் விட்டார்.

என்ன சொல்வது! அந்த முகத்தைச் செய்ய எத்தனை பேர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். என்னை யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று குரலை மாற்றி, ஒவ்வொன்றுக்கும் என்னிடம் சம்மதம் கேட்டு, எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். ஒரு கையெழுத்தும் வாங்காமல் என்னை ஊருக்கே காட்டிக் கொடுத்தவர் என் அத்தை ஒருவர்தான். எனக்கு முதலில் பயம்தான் வந்தது. அத்தனை கண்களும் என் மேல். பிறகு அழுகை வந்தது. முந்தானையால் முகத்தை மூடப் போனேன். அத்தை கையைத் தட்டிவிட்டார்.

முன்வரிசையில் ஜோக் அடித்தவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவள்தான் முதலில் தலையைக் குனிந்தாள். டாக்டரம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, படத்தை ஆரம்பத்திலிருந்து மறுபடியும் ஓட விட்டார். இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை. திரையை ஒரு தடவை, என்னை ஒரு தடவை என்று மாறி மாறிப் பார்த்தார்கள்.

முகாம் முடிந்ததும் டாக்டரம்மா என்னிடம் ஓடி வந்தார். முகமே செத்துப்போயிருந்தது. “இப்படி ஆகும்னு நெனைக்கல. இந்தப் படத்த இனி எங்கயும் போட வேணாம்னா சொல்லிருங்க, இன்னைக்கே எடுத்துர்றேன்” என்றார். அவரைத் தேற்ற வேண்டியதாகிவிட்டது. எழுமலையோடு இது நிற்கட்டும், மற்ற ஊர்களில் அந்தப் பெண் அந்த மச்சத்தோடு, என் பெயர் இல்லாமலேயே போகட்டும் என்றேன்.

மண்டபத்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வந்து என் பக்கத்தில் குனிந்தாள். அவளும் செருப்புத் தேடுகிற மாதிரிதான் இருந்தாள். என்னைவிட வயதில் மூத்தவள். தலையைத் தூக்காமலேயே, “ஏத்தா, அது வர்றதுக்கு முன்னால ஏதாச்சும் வாசம் வருமா?” என்று கேட்டாள்.

“ரப்பர் பொசுங்குற மாதிரி வரும்க்கா. ஏன்?”

“எனக்கு வெல்லம் கருகுற மாதிரி வரும். சின்னப் பிள்ளையிலருந்து. யார்ட்டயும் சொன்னதில்ல. அடுப்புல ஒண்ணும் இல்லாம வாசம் வருதுன்னு சொன்னா காத்துக் கருப்புன்னு சொல்லிருவாய்ங்கல்ல?”

டாக்டரம்மாவின் கார் கிளம்பிக்கொண்டிருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். அத்தை எங்களுக்கு முன்னாலேயே போய்க் காரை மறித்து நின்றுகொண்டார்.

எனக்கு இன்னும் முழுசாகக் குணமாகவில்லை. மாத்திரையில் ரொம்பக் குறைந்திருக்கிறது, எப்போதாவது ஒன்று வந்து போகும். அந்த வெல்ல வாசத்துக்காரியும் இப்போது மாத்திரை சாப்பிடுகிறாள். எழுமலையிலிருந்து பஸ்ஸில் வந்து எங்கள் கடையில் உட்கார்ந்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போவாள். பிறக்காத அந்தப் பெண்ணைப் பார்த்து அவளுக்குத் தன் நோய் தெரிந்தது. ஆனால் திரையில் இருக்கிறவளிடம் போய் எப்படி வாசத்தைப் பற்றிக் கேட்பாள்? அதற்கு அங்கே நான் நிற்க வேண்டியிருந்தது. அத்தை செய்தது தப்பா சரியா என்று டாக்டரம்மாவும் நானும் இன்னமும் பேசி முடிக்கவில்லை.

இப்போதெல்லாம் யாரையாவது பார்த்ததும் திமிர் பிடித்தவள், அழுத்தக்காரி என்று எனக்குத் தோன்றினால், இதே காரியத்தை முன்பின் தெரியாத ஒருத்தி செய்திருந்தால் என் கண்ணுக்கு என்ன தெரிந்திருக்கும் என்று ஒரு நிமிடம் அவள் முகத்தை மனதுக்குள் மாற்றிப் பார்க்கிறேன். பல தடவை, நான் பார்த்தது அவளையே இல்லை என்று தெரிகிறது.